இடது பக்கத்துப் பாரம்

ஆட்களின் முகத்தைப் பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். பஸ்ஸிலோ கோயிலிலோ செத்த வீட்டிலோ, எங்கே போனாலும் அவர்கள் இருக்கிற விதத்தைத்தான் பார்ப்பேன். யாரும் சும்மா இருப்பதில்லை. ஒரு பக்கம் நோவெடுத்தால் மற்றப் பக்கம் பாரத்தைப் போடுவார்கள். காலை மாற்றி மடக்குவார்கள். பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். நகர்ந்தது அவர்களுக்கே தெரியாது. என் கணவருக்கு அந்தக் கொஞ்சம் இல்லாமல் போனது.

அவர் வாவியில் மீன் பிடித்தவர். நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை தோணியில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு முதுகில் துப்பாக்கிச் சூடு பட்டது. எந்தக் கரையிலிருந்து வந்த சூடு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற காலமாக அது இருக்கவில்லை. கூடப் போனவர்கள் தோணியோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆசுபத்திரியில் உயிர் தப்பியது. பிறகு தூரத்து ஆசுபத்திரி ஒன்றில் பல மாதம் கிடந்தார். திரும்பி வந்தபோது கைகள் இரண்டும் முன்னைவிடப் பலமாக இருந்தன. கால்கள் இரண்டும் வேறு யாருடையவையோ போலக் கிடந்தன.

அவரோடு ஒரு சில்லுக் கதிரையும் வந்தது, சக்கரம் வைத்த நாற்காலி. உதவி செய்கிறவர்கள் கொடுத்தது. எந்த நாட்டில் செய்ததோ, பெரிய உடம்புக்காரர்களுக்கென்று செய்த கதிரை. அவர் அதில் இருந்தால் இரண்டு பக்கமும் என் கை தாராளமாக நுழையும். அடியில் பலகை கிடையாது, தடித்த சீலைதான். அது சில நாளிலேயே நடுவில் தொங்கிவிட்டது. அவரும் அதற்குள் சறுக்கி, முதுகை வளைத்து, முழங்கால்களை முன்னே தள்ளி, சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோலக் கிடப்பார். பார்க்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பாவம், சுகமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

அவரைக் கழுவி வேட்டி மாற்றுவது என் வேலை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகும், பகல் வெளிச்சத்தில் அவருடைய உடம்பை இடுப்புக்குக் கீழே நான் பார்த்ததில்லை. இப்போது நாள்தோறும் பார்க்க வேண்டியிருந்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் உரஞ்சியிருந்ததைக் கண்டேன். அவருக்கு அது தெரியாது. நோவே இல்லையே.

மாதத்தில் ஒரு தரம் நாவற்குடாப் பக்கமிருந்து உடல் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருவர் பஸ்ஸில் வருவார். இளம் வயது. எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்த உரசலைக் காட்டியதும் அவர் என் கணவரைத் திட்டவில்லை, கதிரையைத்தான் திட்டினார்.

“இதில இரிந்தா யாரும் சறுக்குவாங்க. சறுக்கினா எலும்பு ஒரு பக்கம் போகும், தோல் மற்றப் பக்கம் இழுபடும். அதுதான் உரசல்.”

எங்கேயோ தேடி ஒரு பலகைத் துண்டை அளவாக அறுத்துத் தொங்கல் சீலைக்கு மேல் போட்டோம். அதற்கு மேல் மிஸ் கொண்டுவந்த ஸ்பொஞ்ச் மெத்தை. கால் வைக்கிற தட்டை உயர்த்தினார், பிறகு கொஞ்சம் இறக்கினார். முழங்கால் மேலே ஏறினால் தொடையில் பாரம் நிற்காது, எல்லாம் பின்னுக்குப் போய்விடும். கால் தொங்கினாலும் ஆள் முன்னுக்குச் சறுக்கும் என்றார். தொடை முழுவதும் மெத்தையில் படிய வேண்டும். பின்பக்கத்தைக் கதிரையின் அடிக்குத் தள்ளி வைத்தால்தான் முதுகு நிமிரும்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, இஞ்ச வாங்க. கையக் கீழ வையுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். மெத்தைக்கும் அவருக்கும் நடுவால விடுங்க.”

நான் அசையவில்லை. வாசலில் என் மதினி, அவருடைய அக்கா, கடவத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மதினி தலையில் கடவப் பெட்டி வைத்து மீன் விற்கிறவர். அவருடைய வாய் துறையடி முழுக்கக் கேட்கும்.

“என்ன புள்ள, வெக்கப்படுறியா? கலியாணம் முடிச்சு எத்தின வருசம்! இப்பதான் புதுப்பொண்ணு மாதிரி நிக்கிறா.”

“அக்கா, வாயப் பொத்திக்கிட்டு இரி,” என்றார் இவர்.

“எனக்கிட்ட இரிக்கிறதே வாய் ஒண்டுதான். அதையும் பொத்தச் செல்றான்.”

மிஸ் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். மெத்தை சூடாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு எலும்பு வந்து குத்தியது. நான் கையை இழுக்கப் பார்த்தேன்.

“எடுக்காதீங்க. அதுதான் ஆள் குந்தி இரிக்கிற எலும்பு. எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்டு ஒண்டு இரிக்கி. ஆள்ட பாரமெல்லாம் அதிலதான் நிக்கிது. மற்றக் கையையும் விடுங்க. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி அமத்துதா?”

“ஓம்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்ப சரியா இரிக்கார். ஒரு கையில கூட அமத்தினா ஆள் கோணி இரிக்கார் எண்டு அர்த்தம். கோணி இரிந்தா அந்த எலும்புக்குக் கீழ ரத்தம் ஓடாது. உங்களுக்கும் எனக்கும் எண்டா நோகும், நகருவம். இவருக்கு நோகாது. அதால இவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு கையையும் ஊண்டி ஆளத் தூக்கிக்கிட்டு நிக்கோணும். மறுகா மெல்ல இரிக்கோணும். மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க.”

இன்னொன்றும் சொன்னார். வெள்ளைக்காரர் தோலில் சிவப்பாகத் தெரியுமாம். எங்கள் தோலில் கறுத்துத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. புறங்கையால் தொட்டால் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும், இல்லாவிட்டால் தடித்திருக்கும். அப்படியிருந்தால் அந்த இடம் ஆறும்வரை கதிரையில் இருக்கவே கூடாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் தந்திருந்தால் பாதி விளங்கியிருக்காது. கையைப் பிடித்துக் காட்டித் தந்ததால் விளங்கியது.

சில மாதம் நன்றாகத்தான் போனது. அவர் முற்றத்தில் பூவரச மரத்தடியில் இருப்பார். நான் பாய் இழைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். ஒரு வரிசை பன்புல்லை முடித்ததும் அவரைப் பார்ப்பேன். அவர் கைகளை ஊன்றித் தன்னைத் தூக்குவார். இருவரும் பேசுவது குறைவு. அதற்கு முன்னும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அவர் உழைத்துக் கூரை மாற்றுவார், வேலி கட்டுவார், கிணறு இறைப்பார். அப்படியே அது அவர் வீடும் ஆகிவிடும். வீடு யாருடையது என்ற பேச்சை நல்ல வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். பெண்சாதி அதைப் புருசனிடம் சொல்வது அடிப்பதைவிட மோசம்.

ஒருநாள் என் அம்மான், அதாவது அம்மாவின் தம்பி, வந்தார். வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தேன். அவருக்குக் கெட்ட மனம் என்று சொல்ல மாட்டேன். பேசத் தெரியாத மனிதர்.

“எப்பிடி மருமகன்? நல்லாத்தான் இரிக்கயள். நிழல் இரிக்கி, காத்து இரிக்கி. நாங்க இந்த வயசிலயும் வெயில்ல நிண்டு சாகுறம். உங்களுக்கென்ன, கட்டின ஊடு கிடக்கு, ஆக்கிப் போட அவ கிடக்கா.”

என் கணவர் சிரித்தார். “ஓம் மாமா, நான் குடுத்து வெச்சவன்,” என்றார்.

அடுத்த நாள் மதினி மீன் கொண்டுவந்தபோது அவர் கேட்டார்: “அக்கா, துறையில ஆர்ரயாவது வலை கிழிஞ்சி கிடந்தாக் கொண்டு வா. நான் பொத்தித் தாறன்.”

வலை பொத்துவது அவருக்குப் பழகிய வேலை. வலையின் கிழிந்த கண்களை, ஊசியில் தங்கூசி என்கிற நைலோன் நூலைக் கோத்து மறுபடி முடிவதுதான் அது. கரையில் இருப்பவர்கள் மணலில் காலை நீட்டி, வலையைக் கால் பெருவிரலில் கொளுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்துவார்கள். வலை விறைப்பாக நின்றால்தான் கண் அளவாக வரும். இவர் முதலில் பழைய ஞாபகத்தில் வலையைத் தன் பெருவிரலில் கொளுவினார். இழுத்ததும் கால் தட்டிலிருந்து விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தோம், மறுபடி விழுந்தது.

“அந்தக் காலுக்கு வேலை செய்யிற எண்ணம் இல்ல,” என்றார். “அது பென்சன் வாங்கிட்டு.”

பிறகு வலையைப் பூவரச மரத்தில் கட்டினார். ஊசி வலது கையில். இடது கை வலையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் மரம் வலது பக்கத்தில் இருக்கும்படி கதிரையைத் திருப்பி நிறுத்தினேன். வலையை விறைப்பாக்க அவருக்குக் கால் இல்லை, உடம்புதான் இருந்தது. இடது முழங்கையைக் கைப்பிடிக்கு வெளியே போட்டு, அந்தப் பக்கமாகவே சாய்ந்து இழுத்துக்கொண்டார். கதிரை அகலமானது. சாய்வதற்கு நிறைய இடம் இருந்தது.

கண்கள் அளவாக விழுந்தன. ஆட்கள் வலையைக் கையிலெடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கிழிந்தது என்று தெரியவில்லையே என்றார்கள். தோணிக்காரர்கள் முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். எந்தப் பக்கம் இறால் படுகிறது, எந்த இடத்தில் ஆமி புதிதாகக் காவல் சென்றி போட்டிருக்கிறான் என்று பேசுவார்கள். அவர் ஊசியை நிறுத்தாமல் பதில் சொல்வார். குரல் மாறிவிட்டது. பழைய குரல் வந்துவிட்டது.

நான் உள்ளங்கையை விட்டுப் பார்த்தேன். இடது கையில் எலும்பு கல்லாக அமத்தியது. வலது கையில் வெறும் மெத்தை.

ஆட்கள் இருக்கும்போது சொல்ல முடியாது. போனதும் சொன்னேன்: “இஞ்சேருங்க, கோணி இரிக்கிறயள்.”

“ஓம், ஓம்.” நிமிர்வார். ஒரு கண் முடிவார், இரண்டு கண் முடிவார். மூன்றாவது கண்ணுக்குச் சாய்ந்துவிடுவார். சாயாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. கையை ஊன்றித் தூக்கவும் முடியாது. இரண்டு கையும் வலையில் அல்லவா?

மரத்தை மாற்றிப் பார்த்தோம். வலையை முன்னால் இருந்த கம்பத்தில் கட்டிப் பார்த்தோம். இழுத்தால் கதிரை உருண்டு முன்னே போனது. சில்லுக்குக் கல் வைத்தால் ஆள் முன்னே வந்தார். இடது பக்கம் மெத்தைக்குக் கீழே பழைய சாரத் துணியை மடித்து வைத்தேன். அது இன்னும் கெடுதல் என்று பிறகு மிஸ் சொன்னார். அந்த எலும்புக்கு அதனால் பாரம் கூடுமாம். வேறு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஆமி ரோட்டை மூடிவிட்டது. அவரால் வர முடியவில்லை.

ஒரு மாலை புறங்கையால் தொட்டபோது இடது பக்கம் சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றி போல. ஒரு வட்டம் கறுத்துத் தெரிந்தது. தோல் உடையவில்லை. அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது, ஆனால் மறுக்கவில்லை. பாயில் குப்புறக் கிடந்தார். சூடு மெல்ல இறங்கியது. இன்னும் கொஞ்ச நாள் கிடந்திருந்தால் முற்றாக ஆறியிருக்கும்.

ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது அப்போதுதான்.

விடியும்போதே ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். வீட்டுக்குள் கண்டுபிடித்தால் சுடுவோம் என்றார்கள். நடக்க முடியாதவரையும் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்று மதினி கேட்டு வந்தார். போகத்தான் வேண்டும். அவரைத் தூக்கிக் கதிரையில் வைத்து மணல் ரோட்டில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். மெத்தையைப் பள்ளிக்கூட வாசல் படலையில் நின்ற ஆமிக்காரன் எடுத்து அமுக்கிப் பார்த்து, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கிழித்து, பஞ்சைத் தோண்டிவிட்டுத் திருப்பித் தந்தான். பாதி ஸ்பொஞ்ச் மண்ணில் கிடந்தது. கிழிந்ததை அப்படியே அவருக்குக் கீழே வைத்தேன். பெண்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஆம்பிளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், கைகள் தலையில். அவரைக் கதிரையோடு ஒரு வரிசையின் ஓரத்தில் விட்டார்கள். அவரும் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டார். முன்னே ஜீப்பில் தலையாட்டி இருந்தான், ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவன். முகத்தை மூடிய சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போக வேண்டும். தலையை ஆட்டினால் அந்த ஆள் வீட்டுக்கு வர மாட்டான். ஆனால் அந்த வரிசை நகரவேயில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

அவர் ஒரு தரம் கைகளை இறக்கிக் கைப்பிடியில் ஊன்றித் தன்னைத் தூக்கினார். மிஸ் பழக்கியதுதான். எழும்பப் பார்க்கிறார் என்று நினைத்தான் போலும், ஒரு ஆமிக்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்து தோளைப் பிடித்து அழுத்தி இருத்தினான். கைகளை இழுத்துத் தலையில் வைத்தான். அதற்குப் பிறகு அவர் தூக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. பலகையின் மேல் கிழிந்த மெத்தை, அதன் மேல் அந்த எலும்பு. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு அது தெரிகிறது. அவருக்குத் தெரியாது.

“சாயுறார் மதினி,” என்றேன். “காலையிலிருந்து ஒரே பக்கம்.”

“நான் என்ன செய்யட்டும் புள்ள? கத்தட்டுமா?”

“வேணாம். கத்தினாச் சுட்டுப்போடுவான்.”

“அப்ப என்ன செய்யிற?”

 வேலியின் கீழ்க்கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். மதினி என் சீலையைப் பிடித்தார், அது கையிலிருந்து நழுவியது. யாரோ “ஏய்” என்று கத்தியது காதில் விழுந்தது. நான் ஓடவில்லை. ஓடினால் சுடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் வீதியில் நடப்பதுபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலை ஊன்றி இருந்து, இரண்டு கைகளையும் அவருக்குக் கீழே விட்டேன்.

ஆமிக்காரன் வந்து நின்றான். சப்பாத்து தெரிந்தது. சிங்களத்தில் கேட்டான். எனக்கு விளங்கவில்லை. என் கணவருக்கு மீன் வியாபாரத்தில் பழகிய சிங்களம் கொஞ்சம் தெரியும், ஏதோ சொன்னார். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். பிறகு போய்விட்டார்கள்.

“எல்லாரும் பாக்காங்க,” என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. “கைய எடு.”

நான் எடுக்கவில்லை.

“ஊர் ஆம்பிளையெல்லாம் இஞ்சதான் இரிக்கான். கைய எடுத்துட்டுப் போ.”

இடது கையில் பாரம் வலித்தது, பிறகு மரத்தது. கையைக் குவித்து அந்த எலும்பு குழியில் நிற்கும்படி பிடித்துப் பார்த்தேன். மனிதக் கையால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? தன் பாரம் முழுவதும் என் விரல்களில் நிற்பது அவருக்குத் தெரியாமலே அவர் என்னை வைதுகொண்டிருந்தார். வரிசையில் குந்தியிருந்தவர்கள் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

பொழுது சாயும்போது விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்த வீடுகளில் அழுகுரல் கேட்டது. எங்கள் வீட்டில் நான் அவரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த வட்டம் கறுத்து, மெத்தென்று, பழுத்த பழம்போல இருந்தது. சில நாளில் தோல் கழன்றது. உள்ளே குழி. விரல் நுனி போகும்.

ரோட்டுத் திறந்ததும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கழுவிக் கட்டினார். நல்ல மனிதர். மதினியிடமும் என்னிடமும் விளங்கச் சொன்னார்: “எலும்புக்குப் போகேல்ல. போனா என்னாலயும் ஏலாது, உயிர் ஆபத்து. மூடுற வரைக்கும் குப்புறத்தான். ஒரு நாள் இரிந்தாலும் பட்ட பாடு வீண்.”

அப்படியே குப்புறக் கிடத்தினோம். நெஞ்சுக்குக் கீழே தலையணை. உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றிக் காலையும் மாலையும் கழுவுவேன். கட்டுகிற துணியை அவித்துக் காயவைப்பேன். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

குப்புறக் கிடந்தபடியே வலை பொத்தப் பார்த்தார். கை தூக்க முடியவில்லை, கழுத்து நொந்தது. தோணிக்காரர்கள் முதலில் வந்தார்கள். வந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நிலத்தில் கிடக்க வேண்டும். ஒருவன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். பிறகு வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார்.

மழைக்கு ஆற்றுவாய் மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். இறால் படுகிற காலம் வந்தது. துறையில் கிழிந்த வலை குவிந்தது. மதினி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“அக்கா,” என்றார் அவர். “நீ தலைப்பக்கம் புடி, அவ கால்ப்பக்கம் புடிக்கட்டும். என்னக் கதிரையில வையுங்க.”

மதினி என்னைப் பார்த்தார். புண் அப்போது ஓரத்தால் சுருங்கத் தொடங்கியிருந்தது. இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. ஆனால் மூடவில்லை.

“இன்னும் ஆறல,” என்றேன்.

“ஒரு நேரத்துக்குத்தானே.”

“டொக்டர் செல்லியிரிக்கார்.”

“டொக்டரா குப்புறக் கிடக்கார்?” என்றார் மதினி. “ஒரு நாளைக்கு வையன் புள்ள. ஆம்பிளையல்லவா. இப்பிடியே கிடந்தாப் புண்ணுக்கு முந்தி மண்டை போயிரும். வலைய முடிச்சதும் நானே வந்து கிடத்திட்டுப் போறன்.”

“கோணித்தான் இரிப்பார் மதினி. அந்தப் பக்கந்தான் சாய்வார்.”

“நான் நேரா இரிக்கன்,” என்றார் அவர். அது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். “சும்மா கிடந்து தின்னச் செல்றியா? இந்த ஊட்டுல கிடந்து தின்னுட்டுச் செத்தான் எண்டு ஊர் செல்லட்டுமா? புடி அக்கா. அவ புடிக்காட்டி நீ ஒராள் இழு. என்ர கையில பலம் இரிக்கி.”

அவருக்குப் பலம் இருந்தது. மதினிக்கும் இருந்தது. இருவரும் சேர்ந்தால் நான் இல்லாமலே ஏற்றிவிடுவார்கள். மதினி வலையை இறக்கி வைத்துவிட்டு அவருடைய தோளுக்கடியில் கையை விட்டார். எனக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. நான் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு எதிரே நான் கதிரையில் இருந்ததில்லை.

“இது என்ர ஊடு,” என்றேன்.

மதினி கையை எடுத்துவிட்டார்.

“என்ர ஊட்டுல நான் செல்றபடிதான் கிடக்கோணும். ஏலாதெண்டா உங்கட ஊட்டுக்குக் கொண்டுபோங்க மதினி. அங்க எப்பிடியும் இருத்துங்க.”

மதினியின் வீடு அவருடைய மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அங்கே ஒரு மூலையில்தான் மதினியே இருக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

 மதினி வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். படலையில் நின்று திரும்பி, “உன்ட வாயில இது வருமெண்டு நான் நினைக்கல புள்ள,” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. என் கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சொல்லை இன்றைக்குக் கேட்டாலும் திருப்பி எடுக்க மாட்டேன். வேறு எந்தச் சொல்லுக்கும் அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள்.

மழைக்காலம் முழுவதும் அவர் கிடந்தார். வெள்ளம் வாசல்வரை வந்து திரும்பியது. கழுவும்போது அசையாமல் கிடப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், போதுமா என்றால் போதும் என்பார். உப்புக் குறைந்தாலும் கூடினாலும் சொல்ல மாட்டார். முன்பெல்லாம் கறியைப் பற்றி ஏதாவது சொல்லாமல் அவர் கையைக் கழுவ மாட்டார். மதினி சில வாரம் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து மீனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மீன்விலையைப் பற்றித் துறைமுழுக்கக் கேட்கிற குரலில் பேசினார். புண் அடியிலிருந்து நிரம்பி, ஓரங்கள் கிட்டவந்து, ஒரு பொத்தான் அளவு ஆகி, கடைசியில் மூடியது.

மறுபடி மூடியிருந்த ரோட்டுத் திறந்ததும் மிஸ் வந்தார். அழுத்திப் பார்த்தார், புறங்கையை வைத்துப் பார்த்தார். “ஆறிட்டு அம்மா. இவ்வளவு பெரிய புண் ஊட்டுலயே ஆறினது பெரிய விசயம். ஆனா இது பழைய தோல் இல்ல, மெல்லிசு. சோறு தின்னுற நேரத்துக்கு இரிக்கட்டும். மறுகா மெல்ல மெல்லக் கூட்டலாம்.” ஒடுங்கிய கதிரை ஒன்றும் அவருடன் வந்திருந்தது. சாய்வதற்கு அதில் இடம் கிடையாது.

நானும் மதினியும் தூக்கி வைத்தோம். மிஸ் சொல்லாமலே கைகளைக் கீழே விட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே அளவு பாரம். மிஸ்ஸுக்குச் சந்தோசம்.

“பாருங்க, எவ்வளவு வடிவா இரிக்கார். இப்பிடியே இரிங்க ஐயா.”

மதினி கொண்டுவந்திருந்த வலையைப் பூவரச மரத்தில் கட்டப் போனார்.

“கட்டாத அக்கா,” என்றார் அவர். “வேற ஆக்களுக்கிட்டக் குடு.”

“சும்மா ஒரு நாலு கண்ணு பொத்து. புது முறையில கட்டலாமெண்டு மிஸ் செல்றா.”

“வேணாம்.”

முதுகு நிமிர்ந்திருந்தது. கால் இரண்டும் தட்டில் படிந்திருந்தன. கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஊன்றித் தூக்கினார். யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தெரியாத வீட்டுக்குக் காரியமாக வந்தவர், வீட்டுக்காரர் வரும்வரை காத்திருப்பது போல இருந்தார்.

பிறகு பல வருசம் அப்படியே நேராக இருந்தார். சாகும்வரை அந்த இடத்தில் புண் வரவில்லை.